கல் வேஷம் போட்ட பஞ்சு: டியூக் சேப்பல் கூரையின் கதை

போன வருஷம் அப்பா வந்து எங்களோடு ஆறு மாதம் இருந்தார். ஓய்வுபெற்ற ஆசிரியர், எழுபத்தொன்பது வயது, இரண்டு காதிலும் மெஷின். அலுவலக நண்பர் ஒருவர் வீட்டுக் கல்யாணம் ஒரு பழைய கல் தேவாலயத்தில் நடந்தது, அவரையும் கூட்டிப் போனேன். பாதிரியார் பேச ஆரம்பித்து ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது, அப்பா இரண்டு மெஷினையும் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

வெளியே வந்ததும் கேட்டேன். "இங்கிலீஷ் வேகமா போகுதாப்பா?"

"அதெல்லாம் இல்லடா. ஒரு வார்த்தை மேல இன்னொரு வார்த்தை ஏறி உக்காந்துக்குது. மெஷின் எல்லாத்தையும் சேத்துப் பெருசாக்குது. ஆனா கடைசில அந்த ஆர்கன் வாசிச்சாங்க பாரு, அது மட்டும் ஜோரா இருந்துச்சு."

ஒலியியல் வகுப்பில் ஒரு செமஸ்டர் படித்துத் தேர்வு எழுதி மறந்துபோன சமாச்சாரத்தை அவர் ரெண்டே வரியில் சொல்லிவிட்டார். பேச்சைக் கெடுத்ததும் ஆர்கனை ஜோராக்கியதும் ஒரே விஷயம்தான். பள்ளிப் பாடத்தில் எதிர்முழக்கம் என்று படித்திருப்போம். எதிரொலி வேறு, இது வேறு. மலையில் கத்தினால் தனியாகத் திரும்பி வருவது எதிரொலி. காலி வீட்டில் குடிபோகும் முன் பேசிப் பார்த்தால் குரல் அடங்காமல் மிதக்குமே, அது எதிர்முழக்கம். சத்தம் நின்ற பிறகு அதன் ஆற்றல் பத்து லட்சத்தில் ஒரு பங்காகக் குறைய எவ்வளவு நேரமாகிறது என்பதே எதிர்முழக்க நேரம்.

நாங்கள் இருப்பது வட கரோலினாவில், கேரி. அரை மணி நேரத்தில் டர்ஹம் போய்விடலாம். அங்கே டியூக் பல்கலைக்கழக சேப்பல் இருக்கிறது. இந்தப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களுக்குத் தெரியும்: ஊரிலிருந்து யார் வந்தாலும் அந்த கோபுரத்துக்கு முன் நிற்க வைத்து ஒரு போட்டோ எடுத்துவிட வேண்டும். நானும் எத்தனையோ பேரைக் கூட்டிப் போயிருக்கிறேன். அதன் கூரைக்கு ஒரு கதை இருக்கிறது என்பது அப்பா சொன்னதைக் கேட்டு விட்டு தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது. சுருக்கமாகச் சொன்னால், நிறையச் செலவு செய்து சத்தத்தை விழுங்கும் கூரையைக் கட்டினார்கள். நாற்பது வருஷம் கழித்து, ஒரு ஆர்கனுக்காக அதே கூரையின் வாயை அடைத்தார்கள்.

முதலில் ஆர்கனுக்கு ஏன் இந்த எதிர்முழக்கம் தேவைப்படுகிறது என்று பார்ப்போம். பைப் ஆர்கன் அடிப்படையில் ஒரு பெரிய புல்லாங்குழல் கூட்டம். கட்டையை அழுத்தினால் குழாய்க்குள் காற்று போகும், ஒலிக்கும். விரலை எடுத்தால் அந்தக் கணமே நின்றுவிடும். பியானோவில் கம்பி கொஞ்ச நேரம் அதிர்ந்து அடங்கும், மிதிகட்டை வைத்து நீட்டலாம். ஆர்கனில் அது கிடையாது. விரல் அழுத்தத்தை வைத்து ஒலியைக் கூட்டிக் குறைக்கவும் முடியாது. ஆகவே ஒலியை மெல்ல அடங்க வைப்பது, ஒரு சுரத்தை அடுத்ததோடு ஒட்ட வைப்பது எல்லாமே கட்டடத்தின் வேலை. வறண்ட அறையில் ஆர்கன் வாசித்தால் தந்தி அடிப்பது போல வெட்டி வெட்டிக் கேட்கும். குழாய்கள் பாதி வாத்தியம், கட்டடம் மீதிப் பாதி.

பேச்சுக்கு நேர் எதிர். விநாடிக்கு நாலைந்து அசை பேசுகிறோம். ஆறு விநாடி எதிர்முழக்கம் உள்ள கூடத்தில், நான் இப்போது சொல்லும் அசையோடு இதற்கு முன் சொன்ன இருபத்தைந்து முப்பது அசைகளின் மிச்சமும் காற்றில் தொங்கிக்கொண்டிருக்கும். நல்ல காது அதில் வேண்டியதைப் பொறுக்கிக்கொள்ளும். வயதான காதால் முடியாது. மெஷின் எல்லாவற்றையும் சேர்த்துப் பெரிதாக்கிக் கொடுக்கும். அப்பா சொன்னது எழுத்துக்கு எழுத்து சரி.

இந்தச் சண்டைக்கு முதலில் கணக்கு எழுதியவர் வாலஸ் சபின். 1895இல் ஹார்வர்டு பல்கலைக்கழகம் ஃபாக் அருங்காட்சியகத்தில் புதிதாக ஒரு விரிவுரைக் கூடம் கட்டியது. உள்ளே பேசினால் ஒரு மண்ணும் புரியவில்லை. பேசி முடித்த சொல் ஐந்தரை விநாடி மிதந்தது. இதைச் சரி செய் என்று இயற்பியல் துறையிலிருந்த இருபத்தேழு வயது சபினிடம் கொடுத்தார் பல்கலைக்கழகத் தலைவர் எலியட். அதற்கு முன் அவர் ஒலியியலில் எதுவும் செய்தவரில்லை. புது ஆளிடம் பழைய கோடிங் பிரச்சினையைத் தள்ளிவிடுவது அப்போதே உண்டு போல.

நள்ளிரவுக்கு மேல் தெரு அடங்கிய பிறகு, பக்கத்திலிருந்த சாண்டர்ஸ் அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளைத் தூக்கி வந்து கூடத்தில் ஒவ்வொன்றாகப் பரப்பினார். ஒலி எழுப்பி, அடங்கும் நேரத்தைக் குறித்தார். விடிவதற்குள் மெத்தைகளைத் திரும்பக் கொண்டுபோய் வைத்தாக வேண்டும். அவரிடம் மைக் கிடையாது, மீட்டர் கிடையாது. ஒலி எழுப்ப ஒரு ஆர்கன் குழாய், நேரம் பார்க்க ஒரு கடிகாரம், கேட்பதற்குத் தன்னுடைய காது. எதிர்முழக்கத்தை அளக்க உலகம் பயன்படுத்திய முதல் கருவிகளில் ஒன்றே ஆர்கன் குழாய்தான் என்பதைப் படித்தபோது கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அந்த இரவுகளிலிருந்து வந்த சூத்திரம் இன்றும் அப்படியே புழங்குகிறது. எதிர்முழக்க நேரம் = 0.161 × கூடத்தின் கன அளவு ÷ மொத்த உட்கவர்தல். உட்கவர்தலுக்கு அவர் எடுத்துக்கொண்ட அளவுகோல் திறந்த ஜன்னல். ஜன்னல் வழியாக வெளியே போன ஒலி திரும்பி வராது, அதனால் ஒரு சதுர மீட்டர் திறந்த ஜன்னல் என்றால் ஒரு அலகு. ஒரு பொருள் தன் மேல் விழும் ஒலியில் பத்தில் நாலு பங்கை விழுங்கினால் அதன் உட்கவர் எண் 0.4. உடை போட்ட ஒரு ஆள் கிட்டத்தட்ட அரை சதுர மீட்டர் ஜன்னலுக்குச் சமம். 1900இல் திறந்த பாஸ்டன் சிம்பொனி ஹால் இந்தக் கணக்கின் துணையோடு கட்டப்பட்டது.

அளக்கத் தெரிந்தவுடன் அடக்கவும் ஆசை வந்தது. இங்கே உள்ளே வருகிறார்கள் குவாஸ்தவினோ குடும்பம். ஸ்பெயினிலிருந்து 1881இல் அமெரிக்கா வந்த ரஃபேல் குவாஸ்தவினோ, மெல்லிய ஓடுகளை அடுக்கடுக்காக ஒட்டி வளைகூரை கட்டும் கலையைக் கொண்டுவந்தவர். அதே பெயர் கொண்ட மகன் ரஃபேல், சபினோடு சேர்ந்து ஒலியை விழுங்கும் ஓட்டை உருவாக்கினார். முதலில் வந்தது ரம்ஃபோர்டு ஓடு. களிமண்ணில் மக்கிய தாவரப் பொருளைக் கலந்து சுடுவார்கள், அது எரிந்து போன இடமெல்லாம் துளை. நியூயார்க்கில் 1913இல் கட்டி முடிந்த புனித தாமஸ் தேவாலயத்தில் இதைப் பதித்தார்கள். அடுத்து வந்தது அகூஸ்டோலித். இதைச் சுடுவதில்லை. குளிக்கும்போது குதிகால் தேய்க்கும் நுரைக்கல் இருக்கிறதல்லவா, அந்த மாதிரிக் கல்லின் பொடியைச் சிமெண்டால் பிணைத்துச் செய்வது. துகள்களுக்கு நடுவே ஒன்றோடொன்று இணைந்த சந்துகள் இருக்கும். ஒலி அதற்குள் நுழைந்து உராய்ந்து வெப்பமாகிக் காணாமல் போகும். தூரத்திலிருந்து பார்த்தால் அசல் கல். கல் வேஷம் போட்ட பஞ்சு.

அந்தக் காலத்துத் தேவாலயக் கட்டடக் கலைஞர்களுக்கு இது வரப்பிரசாதம். கண்ணுக்குப் பதிமூன்றாம் நூற்றாண்டு பிரான்ஸ் வேண்டும், காதுக்கு இருபதாம் நூற்றாண்டு வகுப்பறை வேண்டும். ஒலிபெருக்கி இன்னும் சரியாக வராத நாளில், பிரசங்கம் கடைசி பெஞ்சு வரை புரிய வேண்டும் என்றால் வேறு வழி என்ன? எமிலி தாம்ப்சன் 2002இல் வெளியிட்ட 'நவீனத்தின் ஒலிச்சூழல்' என்று பொருள்படும் தலைப்புள்ள புத்தகத்தில் இந்தக் கதையை விரிவாக எழுதியிருக்கிறார். சத்தமில்லாத, தெளிவான, வறண்ட ஒலிதான் அன்று நவீனம். எதிர்முழக்கம் என்பது கழிவு, ஒழித்துக்கட்ட வேண்டியது.

டியூக் சேப்பல் கட்டியது இந்த மனநிலை உச்சத்தில் இருந்தபோது. புகையிலையிலும் மின்சாரத்திலும் சம்பாதித்த ஜேம்ஸ் டியூக்கின் பணத்தில் எழுந்த வளாகம் அது. அடிக்கல் 1930இல், முறையான அர்ப்பணிப்பு 1935இல். வரைந்தது ஹொரேஸ் டிரம்பாயர் நிறுவனம். அங்கே தலைமை வடிவமைப்பாளர் ஜூலியன் ஏபல், கறுப்பினத்தவர். அவர் வரைந்த வளாகத்தில் அவர் இனத்துப் பிள்ளைகள் படிக்க 1960கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சேப்பலுக்கு முன்னால் இருக்கும் திடலுக்கு அவர் பெயரை 2016இல்தான் வைத்தார்கள். (இது தனியாக எழுத வேண்டிய கதை. எழுதுவேன்.)

வெளியே ஹில்ஸ்பரோ குவாரியின் கல். உள்ளே 73 அடி உயரத்தில் வளைகூரை, அதன் விலா எலும்புகளுக்கு நடுவே குவாஸ்தவினோ ஓடு. 1932இல் பலிபீடப் பக்கத்து அறைகளில் ஏயோலியன் கம்பெனியின் ஆர்கனை வைத்தார்கள். நாலு வரிசை விசைப்பலகை, ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட குழாய்கள். ஏயோலியன் பணக்காரர் மாளிகைகளுக்கு ஆர்கன் செய்து பேர் வாங்கிய கம்பெனி. கம்பளமும் திரைச்சீலையும் நிறைந்த வரவேற்பறைகள் அவர்களுக்குப் பழக்கமானவை. வயலின் கூட்டம் போலவும் கொம்பு போலவும் குழையும் குழாய்கள், ஒலியைக் கூட்டிக் குறைக்கத் திறந்து மூடும் பலகைகள் என்று, அறை தராததைக் கருவியே தரப் பார்க்கும் ரகம். வறண்ட சேப்பலுக்கு அது பொருத்தமான ஜோடி என்றுதான் நினைக்கிறேன்.

அதற்குள் உலகம் மாறிவிட்டது. ஒலிபெருக்கி வந்துவிட்டதால் பிரசங்கத்தைக் காப்பாற்றக் கூரை தேவையில்லை. ஆர்கன் உலகமும் திரும்பிப் பார்த்தது. பாக் காலத்து வடக்கு ஐரோப்பிய ஆர்கன்களைப் போல, குறைந்த காற்றழுத்தம், மின்சாரம் இல்லாமல் விசைக்கும் குழாய்க்கும் நேரடியாக மரக்கம்பி இணைப்பு, சுவருக்குள் ஒளியாமல் கூடத்துக்கு நடுவே நிற்கும் பெட்டி. இந்த மறுமலர்ச்சியின் பெரிய பெயர்களில் ஒருவர் நெதர்லாந்தின் டர்க் ஃப்ளென்ட்ராப். 1958இல் ஹார்வர்டின் ஒரு அருங்காட்சியகக் கூடத்துக்கு அவர் செய்து கொடுத்த ஆர்கனை பவர் பிக்ஸ் வாசித்துப் பதிவு செய்து அமெரிக்கா முழுக்கப் பிரபலமாக்கினார். டியூக்கும் ஃப்ளென்ட்ராப்பிடம் ஒன்று வாங்கத் தீர்மானித்தது. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட குழாய்கள். நுழைவு மண்டபத்துக்கும் நடுக்கூடத்துக்கும் இடையே உள்ள வளைவில் அது 1976இல் ஏறியது.

இந்த மாதிரி ஆர்கனை பஞ்சுக் கூரையின் கீழ் வைத்தால் என்னவாகும்? துளையுள்ள பொருள்கள் எல்லா ஒலியையும் ஒரே அளவில் விழுங்குவதில்லை. கீழ் ஸ்தாயியை ஓரளவு விட்டுவிடும், மேல் ஸ்தாயியை நன்றாகத் தின்னும். ஃப்ளென்ட்ராப் வகை ஆர்கனின் உயிரே உச்சத்தில் வெள்ளிச் சலங்கை போல் ஒலிக்கும் குட்டிக் குழாய்களின் கூட்டு. கூரை முதலில் சாப்பிடுவது அதைத்தான். மிஞ்சுவது வயிற்றில் முனகும் அடிநாதம்.

ஒலியியல் ஆலோசகர் ராபர்ட் நியூமன். போல்ட், பெரனெக், நியூமன் என்ற நிறுவனப் பெயரின் மூன்றாமவர். நம் தொழில்காரர்களுக்கு அந்தப் பெயர் வேறு வகையில் தெரியும்: இணையத்தின் தாத்தாவான ஆர்ப்பாநெட்டுக்கு 1969இல் முதல் தரவு மாற்றுக் கணுக்களைச் செய்து கொடுத்தது அதே நிறுவனம்தான். ஒலியியலில் ஆரம்பித்த கடை!

தீர்வு கேட்க ரொம்பச் சாதாரணம். ஓட்டின் துளைகளைச் சிலிக்கோன் பூச்சால் அடைத்துவிடுவது. துளை அடைந்தால் ஒலி உள்ளே போக முடியாது, போக முடியாவிட்டால் திரும்பி வரத்தானே வேண்டும். பஞ்சு நிஜமாகவே கல்லாகிவிடும். எதிர்முழக்க நேரம் ஏறத்தாழ இரண்டு மடங்கானது. காலியாக இருக்கும்போது இன்று ஆறேழு விநாடி.

ஒரு பூச்சு இவ்வளவு செய்யுமா என்று எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஸ்ப்ரெட்ஷீட் திறந்தேன். கட்டட நீளம் 291 அடி, நடுக்கூடம் 39 அடி அகலம், 73 அடி உயரம். சுவர் தடிமனைக் கழித்து, பக்கச் சிறகுகளைக் கண்ணை மூடிக்கொண்டு சேர்த்து, 20,000 கன மீட்டர் என்று வைத்தேன். என் உத்தேசம்தான், சண்டைக்கு வராதீர்கள். ஆறு விநாடி வர வேண்டுமானால் மொத்த உட்கவர்தல் 0.161 × 20,000 ÷ 6, அதாவது சுமார் 540 சதுர மீட்டர் ஜன்னல். கூரைப் பரப்பு 1,300 சதுர மீட்டர், பூசாத ஓட்டின் உட்கவர் எண் 0.4 என்று வைத்தால் கூரை மட்டும் 520. இரண்டையும் கூட்டினால் 1,060. திரும்ப வகுத்தால் மூன்று விநாடி. கட்டடத்தில் இருந்த மற்ற எல்லாம் சேர்ந்து விழுங்கியதை அந்தக் கூரை ஒன்றே விழுங்கிக்கொண்டிருந்திருக்கிறது! அறுநூறு பேர் வந்து உட்கார்ந்தால் இன்னொரு 270 கூடும், ஆறு விநாடி நாலாகும். ஆளில்லாத வேளையில் ஆர்கன் ஏன் தேவலோகம் போலக் கேட்கிறது என்பதற்கும் இதில் பதில் இருக்கிறது.

இனி என் மனசில் கிடந்து உறுத்தும் விஷயத்துக்கு வருகிறேன்.

நியூமனும் ஜேம்ஸ் ஃபெர்குசனும் இந்தப் பணியைப் பற்றி 1979இல் ஒரு கட்டுரை அளித்தார்கள். 'டியூக்கின் நவ-கோதிக் சேப்பலுக்குக் கோதிக் ஒலி' என்பதுபோலப் பொருள்படும் தலைப்பு. அழகான தலைப்பு, ஆனால் அந்தக் கட்டடத்துக்கு ஒருபோதும் கோதிக் ஒலி இருந்ததில்லை. தொலைந்ததை மீட்டார்கள் என்று சொல்ல முடியாது. இல்லாத ஒன்றைப் புதிதாக உண்டாக்கினார்கள். 1935இல் அந்தக் கூடம் எப்படி ஒலித்ததோ, அதுதான் அதன் அசல். அதைத் தெரிந்தே, விலை கொடுத்து வாங்கினார்கள். சபினின் கணக்கும் குவாஸ்தவினோவின் கைவேலையும் சேர்ந்த ஒரு அறிவியல் சின்னம் அந்த ஓடு. குவாஸ்தவினோ கம்பெனி 1962இல் மூடப்பட்டுவிட்டது, இனி அதை யாரும் செய்து தரப்போவதில்லை. துளைக்குள் இறங்கிய பூச்சைச் சுரண்டி எடுக்கவும் வழியில்லை. ஜன்னல் கண்ணாடியை மாற்றியிருந்தால் ஊரே கேட்டிருக்கும். ஒலியை மாற்றினால் யார் கேட்பது? கண்ணுக்கு எல்லாம் அப்படியேதானே இருக்கிறது. புனித தாமஸ் தேவாலயத்திலும், நியூயார்க்கின் ரிவர்சைடு தேவாலயத்திலும் பிற்பாடு இதையேதான் செய்தார்கள்.

அதற்காக பூசியது தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த ஆர்கனை நேரில் கேட்ட யாருக்கும் வராது. ஃப்ளென்ட்ராப்பின் சத்தம் நின்ற பிறகு கூரைக்கு அடியில் ஒரு ஒளிவட்டம் மாதிரி நின்று, மெதுவாக மங்கும். ஏயோலியனும் பின்னர் சீர்செய்யப்பட்டு அதே கூடத்தில் ஒலிக்கிறது, தனக்காகக் கட்டாத ஒலிக்குள். வறண்ட காலத்தில் அது எப்படிக் கேட்டிருக்கும் என்று இனி யாரும் சொல்ல முடியாது. என் குறை ஒன்றுதான். இந்த மாதிரி வேலையை எல்லோரும் 'ஒலியை மேம்படுத்தினார்கள்' என்று எழுதுகிறார்கள். யாருக்கு மேம்பாடு என்பதையும் கூடவே எழுதலாம்.

ஏனென்றால் கூரை செய்துகொண்டிருந்த வேலையை இப்போது மின்னணு செய்தாக வேண்டும். இத்தகைய கூடங்களில் ஒரே பெரிய ஸ்பீக்கரை முன்னால் வைத்துக் கத்தவிட்டால் கூடம் முழுக்க முழங்கி இன்னும் மோசமாகும். ஒலியைக் கூரைக்கு விடாமல் ஆட்கள் மேல் மட்டும் பாய்ச்சும் உயரமான ஒல்லி ஸ்பீக்கர்களை வைக்க வேண்டும், அல்லது பெஞ்சுக்குப் பெஞ்சு சிறிய ஸ்பீக்கர். தாமதமும் கொடுக்க வேண்டும். 60 மீட்டர் தாண்ட ஒலிக்கு 0.17 விநாடிக்கு மேல் ஆகும், கம்பி வழியே போன குரல் உடனே போய்ச் சேர்ந்துவிடும், இரண்டும் பிசகினால் காதில் இரட்டைக் குரல். காது மெஷின்காரர்களுக்கு மைக்கிலிருந்து நேராக மெஷினுக்கே அனுப்பும் காந்தச் சுற்று போடுவது உத்தமம். அறையைச் சுற்றிக்கொண்டு போகாமல் தாண்டிப் போகும் வழி அது. பழைய கூடத்தில் ஆர்கனுக்காகக் கூரையைப் பூசும் பட்ஜெட்டில் முதல் வரியாகவே இதை எழுத வேண்டும் என்பது என் கட்சி.

அப்பா ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின வாரம் அவரை சேப்பலுக்குக் கூட்டிப் போனேன். வேலை நாள், மதியம், உள்ளே பத்துப் பேர் இருந்தால் அதிகம். மேலே யாரோ ஃப்ளென்ட்ராப்பில் பயிற்சி செய்துகொண்டிருந்தார். சபின் கதையை வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்திருந்தேன். அப்பா மெஷின்களைக் கழற்றிப் பையில் வைத்தார்.

"அவர் பண்ண மாதிரி எண்ணிப் பாப்போமா?" என்றார்.

பெரிய கூட்டுச்சுரம் ஒன்று வந்து நின்றது. நான் போனைப் பார்த்துக்கொண்டே விரலை மடக்கினேன், ஆறு. திரும்பிப் பார்த்தால் அப்பா நாலு விரலைக் காட்டினார். சபினும் ஒலி எப்போது தன் காதுக்குக் கேட்காமல் போகிறது என்பதைத்தான் எண்ணினார் என்று விளக்க ஆரம்பித்தேன். அப்பா கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். மேலே அடுத்த பகுதியை வாசிக்க ஆரம்பித்திருந்தார்கள்.